பழமொழிகளில் பறவைகள்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஆங்கிலப் பழமொழிகளில் பறவைகள்' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். தமிழ் படித்தவனிடம் ஆங்கிலப் பழமொழியா என்று வியந்தேன். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் நியாயமாக இருந்தது. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் ஆங்கில வழியிற் பயில்கின்றனர். வீட்டிற் பாட்டி சொல்லும் பழமொழி அவர்களுக்கு விளங்குவதில்லை. அவர்கள் பள்ளியிற் கற்றுவந்து சொல்வது பாட்டிக்கு விளங்குவதில்லை. இருவரும் ஒருங்கிருந்து கேட்கத்தக்கதாக ஏதேனும் பேசுங்கள் என்றனர். ஆகவே ஆங்கிலத்தைத் தொட்டுக்கொண்டு தமிழையும் பேசுகிறேன். பொறுத்தருள்க.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தவன் யான். தமிழ்ப் பாடத்தில் மொழிபெயர்ப்புப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஆங்கிலப் பழமொழியைக் கொடுத்துத் தமிழில் தரச் சொல்வோம். ஒரு மாணவன், 'கையிலுள்ள ஒரு பறவை புதரிலுள்ள இரண்டு பறவைகளுக்குச் சமம்' என்று எழுதியிருந்தான். எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, சந்திப் பிழையும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்த மனிதரும் இப்படிப் பேசியதில்லை. 'பின்னால் வரும் பலாக்காயைவிட முன்னால் கிடைக்கும் களாக்காய் மேல்' என்பதே நம்மவர் வழக்கு. குறும்பலாவைத் தலமரமாகக் கொண்ட குற்றாலத்திற்கு அருகில் வாழும் நமக்குப் பலாவின் பெருமையைப் பிறர் சொல்லவேண்டுவதில்லை. அப்படிப்பட்ட பலாவையும் காத்திருந்து பெறவேண்டா, புளிக்கும் களாவே போதும் என்றார்களே, அதுதான் அப்பழமொழியின் வலிமை.

இன்னொன்று, இதனினும் புகழ்பெற்றது: ஒரே கல்லால் இரண்டு பறவைகளைக் கொல்லுதல். நாளேட்டிலும் மேடையிலும் திண்ணையிலும் நாம் சொல்வது 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' என்பது. கருத்து ஒன்று, கல்லும் ஒன்று, எறிபவன் வைத்த குறிதான் வேறு. அங்கே விழுவன உயிர்கள். இங்கே விழுவன காய்கள். (மாந்தோப்புக் காவற்காரர் இந்த வேறுபாட்டைப் பாராட்டமாட்டார் என்பதையும் அறிவேன்.) அண்மைக் காலமாகப் பிள்ளைகள் 'ஒரே கல்லில் இரண்டு பறவை' என்று தமிழிலேயே எழுதத் தொடங்கியிருக்கின்றனர். இரண்டு மாங்காய் கிடந்த இடத்தில் இரண்டு பறவைகள் செத்துக் கிடக்கின்றன. எழுதியவனும் அதைப் பார்க்கவில்லை, திருத்துபவரும் பார்க்கவில்லை. இன்றைய உரைக்கு என்னைத் தூண்டியது இந்தக் கவலைதான். மனம், வாக்கு, காயம் மூன்றாலும் ஊறு செய்யாமையைப் பேசும் இவ்வவையில் வாக்கினைப் பற்றிச் சற்றே கூடுதலாகப் பேசினால் குற்றமாகாது என்று எண்ணுகிறேன்.

ஆங்கிலத்தில் பறவை வேட்டை ஒளிந்திருக்கும் தொடர்கள் பல. நேராகப் பேசாமல் சுற்றி வளைத்துப் பேசுவதைப் 'புதரைச் சுற்றி அடித்தல்' என்பர். பறவைகள் வெருண்டெழும்படி புதர்களைக் கழியால் தட்டிச் செல்லும் ஆட்களின் வேலையிலிருந்து வந்தது அது. தப்பிக்க வழியற்று அகப்படுபவனை 'உட்கார்ந்திருக்கும் வாத்து' என்பர். பறக்காத வாத்தினைச் சுடுவது எளிதன்றோ. உடனிருந்து காட்டிக்கொடுப்பவனுக்கு 'ஸ்டூல் பிஜியன்' என்று பெயர். பிற புறாக்களை வலைக்கு வரவழைக்கக் கட்டிவைத்த புறா அது. மறைந்திருந்து சுடும் படைவீரனை 'ஸ்னைப்பர்' என்கிறார்களே, அச்சொல் பிறந்தது நம் நாட்டில்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் 'ஸ்னைப்' என்னும் பறவையைச் சுடச் செல்வார்கள். நம் வயல்களில் மூக்கை நீட்டிக்கொண்டு சேற்றைக் கிளறும் உள்ளான்தான் அது. வளைந்து நெளிந்து பறக்கும் அதனைச் சுட்டு வீழ்த்தக் குறி தப்பாத கை வேண்டும். உள்ளானைச் சுட்டவனின் பெயர் பிறகு மனிதனைச் சுடுபவனுக்கு வந்து சேர்ந்தது. சொல் எப்படி இடம்பெயர்கிறது என்பதற்கு இதனினும் அச்சந்தரும் சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலம் பேசுவோருள்ளும் இதனை உணர்ந்தவர் உளர். 2018ஆம் ஆண்டு பீட்டா என்னும் விலங்கு நல அமைப்பு, கல்லால் இரண்டு பறவைகளைக் கொல்வதற்கு மாற்றாக 'ஒரு ஸ்கோனால் இரண்டு பறவைகளுக்கு உணவிடு' என்று சொல்லுமாறு பரிந்துரைத்தது. ஸ்டோன், ஸ்கோன் என்னும் ஓசையொப்புமையைப் பற்றிக்கொண்டு ஆக்கியது. ஸ்கோன் என்பது ஒருவகை ரொட்டி. உலகெங்கும் பலர் நகைத்தனர். சல்லிக்கட்டை முன்னிட்டு அவ்வமைப்பின்மேல் நம்மவருக்கு இருக்கும் மனத்தாங்கல் தனிக்கதை, அதனை விடுவோம். நோக்கத்தை நான் பழிக்கமாட்டேன். ஆனால் பழமொழி என்பது தீர்மானம் போட்டு நிறைவேற்றத்தக்கது அன்று. ஆயிரம் வாய்களில் தேய்ந்து உருண்ட கூழாங்கல் அது. உளியால் செதுக்கி ஆற்றில் எறிந்தால் ஒரே நாளில் கூழாங்கல் ஆகிவிடாது. நமக்கோ அந்தத் தொல்லையே இல்லை. மாங்காய் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அதிகாலையில் எழும் பறவைக்கே புழு கிடைக்கும் என்பது இன்னொன்று. சுறுசுறுப்பைக் கற்பிக்கும் நல்ல தொடர்தான். இதனை விளக்கியபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அதிகாலையில் எழுந்த புழுவின் கதி என்ன?" என்றான். வகுப்பே சிரித்தது. இக்கேள்வியை ஆங்கிலேயரும் பலமுறை கேட்டுச் சிரித்திருக்கின்றனர் என்பது பிறகு தெரிந்தது. இந்த அவையில் அக்கேள்வியைச் சிரித்துக் கடக்கமாட்டீர்கள் என்பதை உங்கள் முகங்களிலேயே காண்கிறேன்.

ஆங்கிலம் கொல்லும் மொழி, தமிழ் கொல்லா மொழி என்று கூறிக் கைதட்டல் பெற்று அமர்ந்துவிடலாம். அது உண்மையாகாது. நமக்கு நாலு கல் தொலைவில் குற்றாலம் இருக்கும்போது அவ்வாறு சொல்ல நா எழாது.

தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியை அறியாதார் இங்கிருக்க முடியாது. மதுரை நாயக்க மன்னர் அந்நூலுக்காக அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்றே வழங்குகிறது. நூலின் முற்பகுதியைத்தான் நாம் மிகுதியும் பேசுகிறோம்: வசந்தவல்லி பந்தாடுவதும், குற்றாலநாதரைக் கண்டு மையல் கொள்வதும், சிங்கி வந்து மலைவளம் கூறிக் குறி சொல்வதும் மேடைகளில் ஓயாமல் ஒலிக்கின்றன. பிற்பகுதியில் வருபவன் சிங்கன். அவன் பறவை பிடிக்கும் தொழிலினன். நூவன் என்பவன் அவனுக்குத் துணை. பறவைகள் கூட்டங்கூட்டமாய் வந்திறங்குவதற்கு ஒரு பாட்டு. கோயிலுக்குரிய வயல்களில் அவை மேய்வதற்கு ஒரு பாட்டு. கண்ணி கொண்டுவரச் சொல்லி ஒரு பாட்டு. வயல்களின் பெயர்களும் பறவைகளின் பெயர்களும் அடுக்கடுக்காய் வருகின்றன. ஒருவன் பறவைகளை இத்தனை நுணுக்கமாகக் கூர்ந்து நோக்கியிருக்கிறான் என்றால், அவற்றைப் பிடிப்பதற்காகவே நோக்கியிருக்கிறான். இதை மறைத்துப் பயனில்லை. பறவையியல் அறிவு உலகெங்கும் வேடனிடமிருந்தே தொடங்கியது.

ஆனால் கவிராயர் செய்த குறும்பினைப் பாருங்கள். கண்ணி வைத்துக் காத்திருக்கும் சிங்கனின் உள்ளம் பறவைமேல் இல்லை. பிரிந்துபோன சிங்கிமேல் இருக்கிறது. அவன் சிங்கியை நினைந்து உருகிக்கொண்டிருக்க, பறவைகள் தப்பிப் பறந்துபோகின்றன. அதற்கும் ஒரு பாட்டு! வேட்டையைப் பாடவந்த புலவர், வேடனைக் காதற்கண்ணியில் வீழ்த்திப் பறவைகளை விடுவித்துவிட்டார். தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கண்ணி என்னும் சொல் பறவை பிடிக்கும் சுருக்கையும் குறிக்கும், தலையில் சூடும் பூமாலையையும் குறிக்கும், பராபரக்கண்ணி என்பது போலப் பாட்டின் ஈரடியையும் குறிக்கும். இவை மூன்றும் ஒரே சொல்லில் அமைந்த மொழி நம்முடையது.

வேட்டைத் தொடர்கள் நம் பேச்சிலும் உள்ளன. ஏமாந்தவனை 'வலையில் விழுந்தான்' என்கிறோம். ஆங்கிலேயர் கட்டிவைத்த புறாவுக்கு ஈடாகப் பழந்தமிழில் 'பார்வை' என்னும் சொல் இருந்தது. பிற விலங்கையும் பறவையையும் ஈர்ப்பதற்காகப் பழக்கிக் கட்டிவைத்த விலங்கையும் பறவையையும் அது குறித்தது. எனக்கு மிகவும் பிடித்தது 'கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடித்தாற்போல' என்பது. வெண்ணெயை வைத்தால் அது வெயிலில் உருகிக் கொக்கின் கண்ணை மறைக்குமாம். அப்போது போய்ப் பிடித்துக்கொள்ளலாமாம். வெண்ணெய் வைக்கும் அளவுக்கு நெருங்கியவன் அப்போதே பிடித்திருக்கலாமே என்று யாரும் கேட்பதில்லை. இதற்கு ஆங்கிலத்தில் உடன்பிறப்பு உண்டு! பறவையின் வாலில் உப்பைத் தூவினால் அதனைப் பிடித்துவிடலாம் என்று குழந்தைகளுக்கு வேடிக்கையாகச் சொல்வார்களாம். இங்கே தலையில் வெண்ணெய், அங்கே வாலில் உப்பு. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டுப் பாட்டிமார் ஒரே நகைச்சுவையைச் சொல்லியிருக்கின்றனர். இரண்டிலும் பறவை தப்பித்துக்கொள்கிறது என்பதையும் கவனியுங்கள்.

வள்ளுவர் பறவை வேடனை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார் தெரியுமா? கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், 274ஆம் குறளில். தவவேடத்தில் மறைந்து தீயன செய்பவனுக்குப் புதரில் மறைந்து பறவையைப் பிடிக்கும் வேடன் உவமையாகிறான். ஆங்கிலப் பழமொழியின் புதரில் இரண்டு பறவைகள் இருக்கின்றன. வள்ளுவரின் புதருக்குள் வேடன் இருக்கிறான். புதர் ஒன்றே ஆயினும், ஒன்றைப் பார்ப்பவன் பிடிப்பவனின் பக்கம் நிற்கிறான், மற்றொன்றைப் பார்ப்பவன் பறவையின் பக்கம் நிற்கிறான்.

வேட்டையை விட்டு வீட்டு முற்றத்திற்கு வருவோம். இங்கேதான் மொழிபெயர்ப்போர் பெரிதும் இடறுகின்றனர். ஆங்கிலேயருக்கு ஆந்தை அறிவின் அடையாளம். கிரேக்கர்களின் அறிவுத் தெய்வமாகிய அதீனாவின் பறவை அது. ஏதென்சு நகரத்து நாணயத்திலேயே அதன் உருவம் உண்டு. 'ஆந்தையைப் போன்ற அறிவாளி' என்று தமிழில் எழுதி அந்தப் பாராட்டினை ஒரு மாமனாரிடம் கொடுத்துப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று! நமக்கு ஆந்தை அலறுவது. 'ஆந்தை விழி' என்பது வசை. காக்கையோ நேர்மாறு. ஆங்கிலத்தில் 'காக்கையைத் தின்னுதல்' என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு தலைகுனிதல். நம் வீடுகளில் காக்கைக்கு வைத்த பிறகே நாம் உண்கிறோம். அது கரைந்தால் விருந்து வரும் என்கிறோம். காக்கை கரைந்ததைப் பாடியதனாலேயே ஒரு பெண்பாற் புலவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயர் வந்தது. அப்பாட்டு குறுந்தொகையில் 210ஆவதாக உள்ளது. வள்ளுவரும் சுற்றந்தழாலில் காக்கையையே உவமையாக்கினார். காலமறிதலில் கொக்கையும், பகலில் கூகையை வெல்லும் காக்கையையும் காட்டினார். பறவையைப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் சொல்லக்கூடியவை இவை.

இரு மொழியும் கைகோக்கும் இடங்களும் உண்டு. 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு' என்பதனை ஆங்கிலேயரும் ஏறத்தாழ இவ்வாறே சொல்கின்றனர். தாயின் கண் எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும். 'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை'யும் அவர்களிடம் உண்டு. ஆனால் 'இலவு காத்த கிளி' அங்கே இல்லை. பள்ளிப் புத்தகங்கள் சில அதற்குக் 'காட்டு வாத்தைத் துரத்துதல்' என்பதை ஈடாகத் தருகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாத்தைத் துரத்துபவன் ஓடுகிறான். கிளியோ நம்பி அமர்ந்திருக்கிறது. வீண் அலைச்சல் வேறு, வீண் காத்திருப்பு வேறு. அரசு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்போரைக் கேட்டால் சொல்வார்கள்.

'ஒரே இறகுடைய பறவைகள் ஒன்றுசேரும்' என்பதற்கு 'இனம் இனத்தோடு சேரும்' என்போம். இரண்டையும் சற்றே ஐயுறுமாறு செய்த ஊர் ஒன்று திருநெல்வேலி மாவட்டத்தில், நாங்குநேரிப் பக்கம் உள்ளது. கூந்தன்குளம். 1994இல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அரசு அறிவிப்பதற்கு நெடுநாள் முன்பிருந்தே ஊரார் பறவைகளைக் காத்துவந்தனர். அவற்றின் வருகையை ஊருக்கு நல்வரவாகக் கருதுகின்றனர். பறவைகள் அஞ்சும் என்று பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். அங்கே மஞ்சள்மூக்கு நாரையும், கூழைக்கடாவும், அரிவாள்மூக்கனும் ஒரே ஊர் மரங்களில் அடுத்தடுத்துக் கூடுகட்டும். இறகு வேறு, அலகு வேறு, குடியிருப்பு ஒன்று. பிள்ளைகளைக் குற்றாலத்திற்கு அழைத்துச் செல்வதுபோல ஒருமுறை அங்கும் அழைத்துச் செல்லுங்கள்.

இனி, நெஞ்சைத் தொடும் இரண்டு தொடர்களைச் சொல்லிவிடுகிறேன். நம்முடையது, 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?' தவத்தில் இருந்த கொங்கணவர்மேல் பறந்துசென்ற கொக்கு எச்சமிட்டது. அவர் சினந்து நோக்கினார்; கொக்கு எரிந்து விழுந்தது. பின்பு அவர் ஓர் இல்லத்தின்முன் பிச்சைக்கு நின்றார். கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த அம்மையார் வரத் தாழ்த்தார். அவரையும் முனிவர் அவ்வாறே சினந்து நோக்க, அம்மையார் அமைதியாகக் கேட்ட கேள்விதான் இது. அவர் வள்ளுவரின் மனைவியார் வாசுகி என்பது நம் நாட்டு வழக்கு. கௌசிகன் என்னும் பெயரால் இதையொத்த கதை மகாபாரத வனபருவத்திலும் உண்டு. கற்பின் ஆற்றலைக் காட்டவே இக்கதையைச் சொல்வது மரபு. எனக்குக் கொக்கின்மேலும் ஒரு கண் உண்டு. பல்லாண்டுத் தவத்தின் பயனாக அவர் முதலில் செய்தது ஒரு பறவையைக் கொன்றதுதான். தவம் பெரிது என்று எண்ணிக் கர்வம் கொண்டவரை, அந்தக் கொக்கின் பெயரைச் சொல்லியே ஒரு பெண்மணி தடுத்து நிறுத்தினார். செத்துப்போன கொக்கு பழமொழியாகி இன்றளவும் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலேயருக்கும் இத்தகைய பறவை உண்டு: ஆல்பட்ராஸ். 1798இல் வெளிவந்த கோல்ரிட்ஜின் நெடும்பாட்டில் ஒரு மாலுமி, கப்பலைத் தொடர்ந்து நட்போடு பறந்துவந்த அப்பெருங்கடற்பறவையைக் காரணமின்றி அம்பெய்து கொல்கிறான். காற்று நின்று, கப்பல் அசையாமல், குடிக்க நீரின்றி எல்லோரும் தவிக்கும்போது, உடனிருந்தோர் செத்த பறவையை அவன் கழுத்திலேயே தொங்கவிடுகின்றனர். இறக்கிவைக்க முடியாத சுமையைக் 'கழுத்தில் தொங்கும் ஆல்பட்ராஸ்' என்று ஆங்கிலேயர் சொல்வது இதனால்தான். கொங்கணவரும் அம்மாலுமியும் ஒரே வழக்கில் நிற்கும் இருவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அது கதையன்று. வரப்போகும் ஆபத்தை முன்னறிவிப்பவனைச் 'சுரங்கத்துக் கானரி' என்பர். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுவாயு இருப்பதை அறியக் கூண்டில் கானரிப் பறவையைக் கொண்டுசெல்வார்கள். மனிதனுக்கு முன் அது மயங்கி விழும். ஹால்டேன் என்னும் அறிஞர் பரிந்துரைத்த இவ்வழக்கத்தைப் பிரிட்டனில் கைவிட முடிவெடுத்தது 1986இல்தான். அதாவது, நான் படித்து முடித்த காலத்திலும் அந்தப் பறவைகள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

பழமொழிகளைப் போற்றியதில் சமணச் சான்றோர்க்கு உள்ள பங்கினை இந்த மேடையில் சொல்லாமற் போனால் தமிழ் படித்தவன் ஆகமாட்டேன். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாகிய பழமொழி நானூற்றை இயற்றிய முன்றுறை அரையனார் சமணர். பாயிரத்தில் பிண்டி நிழலில் அமர்ந்த அருகப் பெருமானை வணங்கியே தொடங்குகிறார். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழமொழி. ஊரார் வாய்மொழியை இலக்கியத் தகுதிக்கு உயர்த்திய பெருமகனார் அவர். நமக்கு வடகிழக்கே, சங்கரன்கோவில் தாண்டினால் கழுகுமலை. பறவையின் பெயர் தாங்கிய அம்மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாய்ப் பாறையில் விளங்குகின்றன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் 'குரத்தி' என்னும் சொல் வரும். அது சமயம் கற்பித்த பெண் ஆசிரியரைக் குறிக்கும், இடையின ரகரம். குறவஞ்சியின் குறத்திக்கு வல்லின றகரம். ஓரெழுத்து மாறினால் ஆசிரியை குறி சொல்ல வந்துவிடுவாள், மாணவர்கள் மறவாதிருக்கவும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பெர்சிவல் என்னும் பாதிரியார் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். ஜென்சன் என்னும் மற்றொரு பாதிரியார் 1897இல் பொருள்வாரியாக வகுத்து ஒரு தொகுதி தந்தார். கடல் கடந்து வந்தவர்கள் நம் வாயிலிருந்து கேட்டு எழுதியவை அவை. இங்கே கூடியிருக்கும் குடும்பங்களில் தமிழ் உண்டு, குசராத்தி உண்டு, மார்வாரியும் உண்டு. பாட்டிமார் நினைவில் உள்ள பறவைப் பழமொழிகளை, எந்த மொழியில் இருந்தாலும், கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதட்டும். பழமொழியின்கீழ் ஒரு வரி: அந்தப் பறவையை நீ பார்த்திருக்கிறாயா, எங்கே பார்த்தாய் என்று. அறக்கட்டளையார் இசைந்தால் அடுத்த ஆண்டு மலரில் அவை அச்சேறலாம். பிழைதிருத்தும் பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.